சக்கரமும் சாலையும்: டி. வி. சுந்தரம் ஐயங்கார் வரலாறு

உருளும் சக்கரத்திற்குப் பெருமை அதன் விரைவில் இல்லை. அது தரையைப் பற்றும் பற்றிலேயே உள்ளது. தரையைப் பற்றாத சக்கரம் எத்துணைக் கடுகிச் சுழன்றாலும் ஓரடியும் முன் செல்லாது. இது சிற்றூர் வண்டிக்காரரும் அறிந்த உண்மையே. எனினும், அறிந்ததனை ஒழுக்கமாகக் கொண்டு தொழிலிற் பொருத்திக் காட்டியவர் சிலரே. அச்சிலருள் முன்னிற்பவர் மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள். தென்னாட்டு மோட்டார்த் தொழிலுக்கு வித்திட்ட அப்பெரியாரின் வரலாற்றை ஒருவாறு எழுதப் புகுந்தோம்.

இவரைப் பற்றி எழுத எம்மைத் தூண்டியது எமது ஊர்ச் சாலையேயாகும். அரியலூரினின்று தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்தது திருமானூர். ஆற்றைப் பாலத்தின்மேற் கடந்தால் தஞ்சை நாடு. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளும், பஸ்களும், கார்களும் இவ்வழியே போவதும் வருவதுமாயிருக்கும். கொள்ளிடத்து மணலில் இறங்கிய மோட்டார் வண்டி சிக்கிக்கொள்ளுமாயின் நிகழ்வது யாது? ஓட்டுநர் சினந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுழன்று மணலை வாரி இறைக்கும். வண்டியோ அச்சளவும் புதையும். அனுபவமுடையவர் இறங்கிச் சக்கரத்தின் முன் மணலைத் தள்ளி, தழையோ பலகையோ சாக்கோ இட்டு, மெல்ல மெல்ல வண்டியை ஏற்றுவர். ஆற்றலைப் பெருக்குவதனால் அன்று, பற்றினைப் பெருக்குவதனாலேயே வண்டி கரையேறும்.

இந்நாளில் இளைஞர் சிலர் இதற்கு நேர்மாறான ஒரு வித்தையைப் பெருமையாகக் கருதுகின்றனர். வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்திச் சக்கரங்களை மட்டும் சுழலவிட்டு, டயர் தேய்ந்து புகை எழுமாறு செய்தலே அவ்வித்தை. பர்ன் அவுட் என்பது அதன் பெயர். புதிதாய் இட்ட தார்ச்சாலைகளில் வட்டம் வட்டமாய்க் காணப்படும் கரிய தழும்புகள் அதன் அடையாளங்கள். ஒரு டயரைக் காப்பதற்காகச் சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கச் செய்தவர் ஐயங்கார் அவர்கள் என்பதை நினையும்போது, அத்தழும்புகள் எமக்கு வேறொரு பொருளைத் தருகின்றன. ஆதலின், அவர் வரலாற்றையும் அவ்வித்தையின் இயல்பையும் ஒருங்கே ஆராய்தல் பொருத்தமாம்.

திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்தில், வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாய் விளங்குவது திருக்குறுங்குடி. அவ்வூரில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் தேதி சுந்தரம் ஐயங்கார் அவர்கள் பிறந்தார்கள். தந்தையாரின் விருப்பத்தைப் பின்பற்றி முதலில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்கள். பின்னர் இரயில்வேயிலும், அதன்பின் ஒரு வங்கியிலும் அலுவல் பார்த்தார்கள். கற்றவர்க்கு அரசாங்க உத்தியோகமோ வக்கீல் தொழிலோ அன்றி வேறு கதியில்லை என்று எண்ணப்பட்ட காலம் அது. மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தை விட்டு, எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் படிந்த ஒரு தொழிலில் இறங்குவதென்பது அக்குடியிற் பிறந்தார்க்கு எளிய செயலன்று. ஆயினும், ஐயங்கார் அவர்கள் வங்கி வேலையைத் துறந்து, 1911-ஆம் ஆண்டில், தம் பெயராலேயே ஒரு தொழில் நிலையத்தை நிறுவினார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயது முப்பத்து நான்கு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்னும் பெயர் பிற்காலத்தில் டி. வி. எஸ். என்று சுருங்கி, தமிழ்நாடெங்கும் பரவிற்று.

1912-ஆம் ஆண்டில் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஐயங்கார் அவர்கள் பஸ் ஓட்டத் தொடங்கினார்கள். அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவாகும். மாட்டு வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர் செல்லுமென்று கொண்டால், இடையில் நில்லாது சென்றாலும் பதினைந்து மணி நேரம் கழியும். மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டித் தீனி போட்டுச் செல்வதாயின் அஃது ஒரு பகலும் ஓர் இரவுமாம். அத்தகைய வழியில் முற்பகல் புறப்பட்டுப் பிற்பகலில் அலுவல் முடித்துத் திரும்பும் நிலை ஏற்பட்டதனை எண்ணுங்கால், அது வெறும் வண்டியன்று, நாட்டு மக்களின் வாழ்நாளை நீட்டித்த கருவியென்றே கூறல் தகும். பின்னர் மதுரையே அவர்களது தொழிலுக்கு நடுவிடமாயிற்று.

அக்காலத்து மோட்டார் வண்டியை ஓட்டுதல் எளிய கலையன்று. எஞ்சின் முன்னே இருக்கும்; அதன் ஆற்றல் நீண்ட தண்டின் வழியாகப் பின் அச்சினை அடைந்து பின் சக்கரங்களைத் திருப்பும். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே உள்ள கிளட்ச் என்னும் உறுப்பு, வேண்டும்போது இரண்டையும் சேர்க்கும், வேண்டாதபோது பிரிக்கும். இன்றுபோல் கியர்கள் தாமே இணங்கிச் சேர மாட்டா. எஞ்சினின் ஓசையைச் செவியாற் கேட்டு, சுழற்சியின் அளவை மனத்தால் மதித்து, கிளட்சை இருமுறை மிதித்துப் பல்லோடு பல்லைப் பொருத்த வேண்டும். சிறிது தவறினும் பற்கள் நறநறவென்று கடிக்கும். கிளட்சைத் திடீரென விட்டால் வண்டி துள்ளும்; டயர் சறுக்கும்; பயணிகள் முன்பின்னாகச் சாய்வர். மெல்ல விடுதலே கலை. ஆற்றலைக் காட்டுவதனைவிட அடக்குவதிலேதான் ஓட்டுநரின் திறமை விளங்கிற்று.

சாலைகளின் நிலையோ சொல்லுந்தரமன்று. இரும்புப் பட்டை கட்டிய வண்டிச் சக்கரங்கள் சாலையைக் குடைந்து தடமாக்கியிருந்தன. மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அடித்த லாடங்களினின்று கழன்ற ஆணிகள் வழியெங்கும் சிதறிக் கிடந்தன. லாட ஆணி ஒன்று ஏறினாலும் டயர் பஞ்சராகும். பஸ் நடுக்காட்டில் நிற்கும். டயரின் விலையும் அந்நாளில் பெரிது. அது கடல் கடந்து வரவேண்டிய பொருள். இந்நிலையில் பிறரெல்லாம் பஞ்சரை ஊழ்வினை என்று பொறுத்திருக்க, ஐயங்கார் அவர்கள் அதன் காரணத்தையே களைய எண்ணினார்கள். வண்டியொன்றின் அடியிற் பெரியதொரு காந்தத்தைப் பொருத்தி, பஸ் செல்லும் சாலைகளில் அதனை முன்னதாக ஓட்டி, கிடந்த ஆணிகளையெல்லாம் கவர்ந்தெடுக்கச் செய்தார்கள் என்று மதுரைப் பெரியோர் வழிவழியாகக் கூறுவர். இச்செய்தியில் இரண்டு நன்மைகள் அமைந்திருத்தல் காண்க. அவர்களது டயர் காக்கப்பட்டது ஒன்று. அச்சாலையிற் பிறர் வண்டியும் வெறுங்காலுடன் நடந்த ஏழையின் பாதமும் காக்கப்பட்டது மற்றொன்று. தன் நலம் நாடிச் செய்யும் செயலும் நெறிப்படி செய்தால் பிறர்க்கும் நலமாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆணியில்லாச் சாலையும் பழுதில்லா வண்டியும் சேர்ந்ததன் பயன், காலந்தவறாமை. டி. வி. எஸ். பஸ் வருவதைக் கண்டு மக்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வர் என்னும் பேச்சு மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் நெடுங்காலம் வழங்கிற்று. பஸ் நிறையும்வரை காத்திருந்து புறப்படும் வழக்கம் மலிந்த காலத்தில், இரண்டே பயணிகள் இருப்பினும் குறித்த நிமிஷத்திற் புறப்படும் பஸ் ஒன்று உண்டென்பது குடியானவர்க்கும் வணிகர்க்கும் எத்துணைப் பேருதவி! பஸ்களேயன்றிச் சரக்கு லாரிகளும் ஓடின. சதர்ன் ரோடுவேஸ், சுந்தரம் மோட்டார்ஸ், மதராஸ் ஆட்டோ சர்வீஸ் ஆகிய நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின. கார்களையும் அவற்றின் உறுப்புக்களையும் விற்றல், பழுது பார்த்தல் முதலியனவும் அவர்களது தொழிலின் கிளைகளாயின.

இரண்டாம் உலகப்போர் அவர்களுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. மலேயாவிலிருந்து வந்த ரப்பரும் பர்மாவிலிருந்து வந்த எண்ணெயும் தடைப்பட்டன. பெட்ரோல் பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது. ஓடாத பஸ்ஸும் உழாத ஏரும் ஒன்றே. இரண்டும் குடும்பங்களைப் பட்டினியிடும். இவ்விடுக்கணில் ஐயங்கார் அவர்கள் சோர்ந்திலர். மரக்கரியை அளவான காற்றில் எரித்து, அதினின்று எழும் வாயுவைக் குளிரச் செய்து, தூசி நீக்கி எஞ்சினுக்கு ஊட்டும் கருவியைத் தம் தொழிற்சாலையிலேயே செய்வித்தார்கள். டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் அக்கருவியைப் பூட்டிய வண்டிகள் பெட்ரோலின்றியே ஓடின. கரிவாயுவிற்குப் பெட்ரோலின் வலிமை இல்லை. மேட்டில் வண்டி திணறும். ஆதலின், உள்ள வலிமையில் ஒரு துளியும் வீணாகாமல் சக்கரத்திற்குச் சேர்ப்பதே ஓட்டுநரின் கடமையாயிற்று.

டயர்ப் பஞ்சத்திற்கும் அவர்கள் வழி கண்டார்கள். தேய்ந்து மொட்டையான டயரின் உட்கட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேலுள்ள ரப்பர் மட்டுமே தேய்ந்திருக்கும். அத்தேய்ந்த பகுதியைச் சுரண்டிச் சமமாக்கி, புது ரப்பரைச் சுற்றிப் பொருத்தி, அச்சிலிட்டுச் சூடேற்றினால் டயர் மறுபிறவி எடுக்கும். லாரிக்காரர் இதனை ரீபட்டன் போடுதல் என்பர். இத்தொழிலுக்கென்றே ஐயங்கார் அவர்கள் ஒரு தொழிற்சாலை கண்டார்கள். பிறர் குப்பையில் எறிந்த டயர் அங்கே மீண்டும் சாலைக்கு வந்தது.

வெப்பம் ரப்பருக்கு நண்பனும் ஆகும், பகைவனும் ஆகும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சார்லஸ் குட்இயர் என்பார், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் நொறுங்காமலும் உறுதிபெறும் என்று கண்டார். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் செய்தார். அளவறிந்து ஊட்டிய வெப்பமே டயருக்கு உயிர். அளவு கடந்த வெப்பமோ அதற்கு எமன். மேற்கூறிய பர்ன் அவுட் என்னும் வித்தையில் நிகழ்வது இவ்விரண்டாவதேயாகும்.

ஒரு கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு? ஒவ்வொரு டயரும் ஓர் உள்ளங்கை அளவே தரையைத் தொடுகின்றது. நான்கு உள்ளங்கைகளே வண்டியின் பாரத்தையும் உள்ளிருப்போர் உயிரையும் தாங்குகின்றன. உருளும் டயரின் தொடுமிடம், தொடும் கணத்தில் தரையின்மேல் நிலைத்து நிற்கின்றது. ஆதலின் பற்று மிகுதி. சறுக்கத் தொடங்கியவுடன் அப்பற்றுக் குறைந்து, எஞ்சினின் ஆற்றல் ஓட்டமாகாமல் வெப்பமாகின்றது. மேல் ரப்பர் இளகித் தேய்ந்து புகைகின்றது. கட்டுத் தளர்ந்த டயர், பின்னொருநாள் நெடுவழியில் விரைந்து செல்லும்போது வெடித்தலும் உண்டு.

இதன் கேடு வண்டியின் அமைப்புக்கேற்ப வேறுபடும். பின் சக்கரங்களால் உந்தப்படும் வண்டியில் முன் பிரேக் வண்டியைப் பிடித்து நிற்கப் பின் சக்கரங்கள் சுழல்கின்றன. காற்பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் பொதுவாதலின், சுழலும் பின் சக்கரங்களின் பிரேக்குகள் தீய்ந்துபோகும். பின்புறம் பக்கவாட்டில் வீசி, வண்டியே சுற்றிக்கொள்ளும். முன் சக்கரங்களால் உந்தப்படும் வண்டியில் கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்க முன் சக்கரங்கள் சுழல்கின்றன. திசை திருப்புவனவும் அச்சக்கரங்களே. அவை பற்றிழந்தபோது ஸ்டியரிங் கையிலிருந்தும் பயனில்லை. திடீரெனப் பற்றுக் கிடைத்தால் வண்டி அம்புபோற் பாயும். நான்கு சக்கரமும் உந்தும் வண்டியிலோ பற்று மிகுதியாதலின் டயர் எளிதிற் சுழலாது. அவ்வலிமை முழுதும் கிளட்சின்மீதும் கியர்களின்மீதும் அச்சுத்தண்டுகளின்மீதும் பாய்ந்து அவற்றை முறிக்கும்.

கியர் முறையாலும் கேடு வேறுபடும். கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினை அலறவிட்டுக் கிளட்சைச் சட்டென விடுவர். ஒரே கணத்தில் விழும் அவ்வடியைக் கிளட்சுத் தட்டு முதற்கொண்டு அச்சு ஈறாக எல்லா உறுப்புக்களும் ஏற்க வேண்டும். தானே கியர் மாற்றும் வண்டிகள் பலவற்றில் கிளட்சுக்கு மாறாக எண்ணெயின் சுழற்சியே ஆற்றலைக் கடத்துகின்றது. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒருங்கே மிதித்தால் அவ்வெண்ணெய் கொதித்துத் தன் தன்மையை இழக்கும். பின்னர்ப் பெட்டியே பாழாகும். ஒவ்வொரு முறையிலும் விலை கொடுப்பது வேறு வேறு உறுப்பு. ஆனால் விலை கொடாத முறை ஒன்றுமில்லை.

பந்தய வீரரும் இதனைச் செய்கின்றனரே என்று சிலர் வினவலாம். நேர்கோட்டுப் பந்தயத்தில் ஓடுவோர், புறப்படுமுன் சில விநாடிகள் டயரைச் சுழற்றிச் சூடாக்கித் தூய்மை செய்வர். அந்த டயர் அதற்கென்றே செய்யப்பட்டது. அவர் நோக்கமும் புகையன்று, புறப்படும்போது பற்று மிகுதல் வேண்டும் என்பதே. அதற்குரிய இடமும் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டு பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை அமைந்துள்ளது. பொதுச்சாலையோ பள்ளிச் சிறுவனுக்கும் பால் கொண்டுவரும் மூதாட்டிக்கும் உரியது. அரசின் இசைவின்றி அங்கே பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துதல் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாம்.

இனி ஐயங்கார் அவர்களின் இல்வாழ்க்கையையும் சிறிது காண்போம். மக்களை அவர்கள் தொழிலிற் பழக்கி, காலம் வந்தபோது பொறுப்பை அவர்களிடமே ஒப்புவித்து ஒதுங்கினார்கள். அவர்களுடைய மகளார் சௌந்திரம் அம்மையார் இளம்பருவத்திலேயே கணவரை இழந்தார். அந்நாளைய வழக்கம் அத்தகைய பெண்ணை வீட்டின் இருண்ட மூலையில் இருத்திவிடும். ஐயங்கார் அவர்களோ வைதிகக் குடியிற் பிறந்தவராயினும், மகளை மருத்துவக் கல்வி பயில டெல்லிக்கு அனுப்பினார்கள். அம்மையார் 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்க் காந்தியடிகளின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரன் அவர்களை மறுமணம் புரிந்து, 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார். மணலிற் புதைந்த வண்டிபோல் நின்றுவிடவேண்டிய ஒரு வாழ்வு, கல்வி என்னும் பற்றுக்கோடு கிடைத்தமையால் ஆயிரம் ஏழை மக்களைச் சுமந்து சென்றது. தந்தையார் செய்த செயல்களுள் இதனையே யாம் தலையாயதாகக் கருதுகின்றோம்.

1955-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி, கொடைக்கானலில் இருந்த தம் இல்லத்தில், துயிலிலேயே ஐயங்கார் அவர்களின் உயிர் பிரிந்தது. அப்பொழுது அவர்களுக்கு வயது எழுபத்தெட்டு. அவர்கள் ஊன்றிய வித்து அதன்பின்னும் கிளைத்தது. 1962-இல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்னும் தொழிற்சாலைகள் தோன்றின. வண்டியை நிறுத்தும் பிரேக்கு இந்நாட்டிலேயே உருவாயிற்று. 1972-இல் தமிழ்நாட்டரசு பஸ் தொழிலை ஏற்றபோது, மதுரை டி. வி. எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. 1982-இல் ஸ்ரீசக்ரா என்னும் பெயரால் டயர்த் தொழிலும் அக்குடும்பத்தாரால் தொடங்கப்பெற்று, மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் இன்றும் நடைபெற்று வருகின்றது. கடல் கடந்து வந்த டயரைப் பொன்போற் காத்தவரின் வழியினர், டயரைச் செய்து கடல் கடந்து அனுப்பும் நிலை எய்தினர்.

மாணவ நண்பர்களே, இளமையென்பது வலிமை மிக்க எஞ்சின். அவ்வலிமையைப் பிறர் காணவேண்டும் என்னும் அவா இயல்பானதே. அதனை யாம் பழிக்கவில்லை. ஆனால் நின்ற இடத்திற் சுழன்று புகையெழுப்பிக் காட்டுவதும் ஒரு காட்சி; தஞ்சையிற் புறப்பட்டுக் குறித்த நிமிஷத்திற் புதுக்கோட்டை சேர்வதும் ஒரு காட்சி. முன்னதைக் கண்டவர் கைதட்டிக் கலைவர். பின்னதை நம்பியவர் தம் வயலையும் கடையையும் நோயாளியையும் அதனிடம் ஒப்புவிப்பர். முன்னதன் அடையாளம் சாலையிற் கரிய தழும்பு. அதுவும் இரண்டு மழையில் மறையும். பின்னதன் அடையாளமோ ஒரு நாட்டின் தொழிலும் பல்லாயிரம் குடும்பங்களின் உணவும் ஆகும்.

கிளட்சை மெல்ல விடுதலும், ஆணியைக் குனிந்து பொறுக்குதலும், தேய்ந்ததைப் புதுக்குதலும் கைதட்டல் பெறும் செயல்களல்ல. ஐயங்கார் அவர்கள் அவற்றைக் கொண்டே பெருவாழ்வு வாழ்ந்தார்கள். சாலையைப் பற்றிச் செல்லும் சக்கரம்போல் நாமும் நம் கல்வியையும் கடமையையும் பற்றி முன் செல்வோமாக.